யானை அல்ல

இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்:
அது யானைக்கு.
இரும்புச் சட்டை போட்ட சீமானுக்கு அப்படியில்லை.
மூச்சிருந்தால் ஒரு பண்ணை நிலம்.
மூச்சு நின்றால்
ஈக்களுக்கு மட்டும்தான் லாபம்.

கஸ்கோனியில், யாரும் பெயர் கேட்டுவைக்காத ஓர் ஆற்றுத்துறையில்,
மழை விட்டதும் அம்பு பொறுக்கப் போன வாட்கின்
செத்த குதிரைக்கடியில் ஓர் இருமலைக் கேட்டான்.
முதலில் குதிரைதான் இருமுகிறது என்று நினைத்தான்.

ஆள் இருந்தான்.
வலக்கைக் கையுறையை உருவி நீட்டினான்.
சரண் என்று சொல்ல அங்கே அதுதான் வழி.
இடுப்பில் அதைச் செருகிக்கொண்டு
வாட்கின் மனக்கணக்குப் போட்டான்:
ஹாம்ப்ஷயரில் பன்னிரண்டு ஏக்கர், ஓடைப் பக்கமாக,
இரண்டு எருது,
ஒழுகாத கூரை.
அதற்குப் பிறகுதான் தொடையைப் பார்த்தான்.

அம்பு.
சாம்பல் வாத்தின் இறகு,
இறகின் அடியில் சிவப்பு நூல், ஏழு சுற்று.
ஏழு சுற்றுகிறவன் அந்தப் படையிலேயே ஒருவன்தான்.

இரவு முழுக்க பைர்ஸ் பந்தம் பிடித்தான், வைதுகொண்டே.
கத்தியைக் காய்ச்சி, முனையைத் தோண்டி,
பிஸ்கட்டுக்கு வைத்திருந்த தேனையெல்லாம் புண்ணுக்குள் ஊற்றி,
வில்நாண் நனையாமலிருக்கத் தொப்பிக்குள் வைத்த மெழுகுத்துணியையும்
கிழித்துக் கட்டினான் வாட்கின்.
"சாகாதே பண்ணையே," என்றான்.
"விடியும்வரை சாகாதே."

இரும்பை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது
பண்ணையும் ஒவ்வோர் ஏக்கராகக் கழன்றது.
தலைக்கவசத்துக்குள் வைக்கோல்:
தலை சின்னது, கவசம் வேறொருவனுடையது.
பொன் குதிமுள், நகத்தால் சுரண்டினால் தகரம்.
காலுறையில் ஒட்டு, ஒட்டின்மேல் ஒட்டு,
கறுப்பு நூல், பழுப்பு நூல், கிடைத்த நூல்.
வாட்கினின் காலுறையாவது
ஒரே நிறத்தில் தைத்தது.

விடியலில் கண் திறந்தான்.
ஜோஸ்லன் தெ மொர்வியே என்றான்,
பெயரை மட்டும் ஒரு குறையுமில்லாமல்.
கோட்டை உண்டு, கூரை கிடையாது.
குடியிருக்கும் புறாக்கள் வாடகை தருவதில்லை.
சட்டை அண்ணனுடையது, அண்ணன் மண்ணுக்குள்.
கையுறை சொந்தம்.

"நேற்றே சொல்லியிருக்கலாமே,"
உடைந்த பிரெஞ்சில் கேட்டான் வாட்கின்.
"நேற்று உன் கையில் கத்தி இருந்தது."

கணக்கன் வந்தான், மைக்கூடும் மூக்குச்சளியுமாக.
கைதிக்கு ஒரு விலை எழுத வேண்டும்.
மூன்றில் ஒரு பங்கு தளபதிக்கு,
மீட்புப் பணம் வந்தாலும் வராவிட்டாலும்
பிடித்தவன் கூலியில் பிடித்தம்.
விலையில்லாதவர்களை நாணல் பக்கம் கூட்டிப்போகிறார்கள்.
அங்கேயிருந்து யாரும் திரும்பியதாக
வாட்கினுக்கு நினைவில்லை.

"எவ்வளவு?"

பைர்ஸ் வானத்தைப் பார்த்தான்.
ஜோஸ்லன் எதையும் பார்க்கவில்லை.
நாணல் அசைந்தது; காற்றாக இருக்கலாம்.

"தொண்ணூறு ஷில்லிங்."

தளபதிக்கு முப்பது.
நாளுக்கு ஆறு பென்ஸ் வாங்குகிறவனுக்கு
அறுபது நாள்.
கணக்கன் எழுதினான்,
மை காயுமுன்பே மூக்கைத் துடைத்தான்,
அடுத்த ஆளிடம் போனான்.

"மூளை கலங்கிவிட்டதா?" என்றான் பைர்ஸ்.
"ராத்திரியெல்லாம் பார்த்த வேலை.
ஆற்றில் போடச் சொல்கிறாயா?"
அது பதில்தானா என்று
சொன்னவனுக்கே தெரியாது.

மதியம் முழுக்க உட்கார்ந்து
அம்பின் தண்டைக் கழுவினான்.
நல்ல ஆஷ் மரம், விரிசலில்லை.
புது முனை, புது இறகு மூன்று,
சிவப்பு நூல்
ஏழு சுற்று.
படுத்தபடியே ஜோஸ்லன்
சுற்றுகளை எண்ணினான், உதடு அசைய.

கட்டுக்கு இருபத்துநான்கு.
வாட்கின் எண்ணிப் பார்த்தான்.
சரியாக இருந்தது.